மன்னிக்கும் உரிமை யாருக்கு?

கொலை செய்தவனுக்கு மன்னிப்பு உண்டு. கொள்ளையடித்தவனுக்கு உண்டு. பிறன் மனைவியைக் கவர்ந்து, அவள் கணவனைப் போர்முனைக்கு அனுப்பிச் சாகடித்த மன்னன் தாவீதுக்கு உண்டு. தலைவனை அறியேன், அறியேன் என்று மும்முறை மறுதலித்த பேதுருவுக்கு உண்டு. மன்னிப்பு மட்டுமா, முதல்வன் எனும் பட்டமும் உண்டு. ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றவர்களின் ஆடைகளுக்குக் காவல் நின்று, அக்கொலைக்கு உடன்பட்ட சவுலுக்கு உண்டு. அவன்தான் பின்னர் புனிதர் பவுல்! சிலுவையில் தொங்கிய கள்வனுக்கோ அன்றைக்கே பரதீசு.

இத்துணைத் தாராளமாகத் திறந்து கிடக்கும் கிறித்துவத்தின் கருணை மாளிகையிலே, ஒரே ஓர் அறைக்கு மட்டும் பூட்டு. அந்தப் பூட்டுக்குச் சாவியே செய்யப்படவில்லையாம்! பரிசுத்த ஆவியைப் பழித்துப் பேசுவோன் எவனோ, அவனுக்கு இம்மையிலும் மன்னிப்பில்லை, மறுமையிலும் மன்னிப்பில்லை. மத்தேயு 12-ஆம் அதிகாரமும், மாற்கு 3-ஆம் அதிகாரமும், லூக்கா 12-ஆம் அதிகாரமும் இதனை இயேசுவின் வாய்மொழியாகவே தருகின்றன. மனிதகுமாரனை, அதாவது தம்மையே, ஏசினாலும் பொறுக்கப்படும் என்று மத்தேயுவும் லூக்காவும் சேர்த்தே சொல்கின்றன. ஆவியை ஏசினால்தான் பொறுப்பில்லை.

நமக்கேன் இந்த ஆராய்ச்சி, நாம் எந்த ஆவியையும் நம்பாதவர்களாயிற்றே என்று தோழர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. எந்த மதத்தின் பாவப் பட்டியலும் ஒரு கணக்குப் புத்தகம். அதில் பெருங்கடனாக எது எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்தால், கடை யாருடையது என்பது தெரிந்துவிடும். மனுவின் பதினோராம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். மாபாதகங்களின் வரிசையிலே முதலிடம் பார்ப்பனனைக் கொல்வதற்கு. சூத்திரனைக் கொன்றதற்குரிய கழுவாயோ பூனையையும் கீரியையும் தவளையையும் கொன்றவனுக்கும் பொருந்தும் கழுவாய்! கடைக்காரர் யார் என்று அங்கே எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கணக்கை நாம் பலமுறை பார்த்தாயிற்று. ஒரு வீட்டுக் கணக்கை மட்டும் தணிக்கை செய்துவிட்டு, அடுத்த வீட்டு வாயிலில் கைகட்டி நிற்பது பகுத்தறிவாகாது.

முதலில், அந்தச் சொல் பிறந்த இடத்தைப் பார்ப்போம், நேர்மை அதுதான். மத்தேயு கூறும் கதைப்படி, பார்வையும் பேச்சும் இழந்த ஒருவனை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். பேய் பிடித்தவன் என்பது அக்காலத்தார் கருத்து. அவன் நலம் பெறுகிறான், பேசுகிறான், பார்க்கிறான். கூடியிருந்த எளிய மக்கள் வியக்கிறார்கள். பரிசேயர்களோ வியக்கவில்லை. பேய்களின் தலைவன் பெயல்செபூலின் துணைகொண்டே இவன் பேயை ஓட்டுகிறான் என்கிறார்கள். மாற்கின் நூலில் இதைச் சொல்வோர், எருசலேமிலிருந்து வந்திறங்கிய வேதபாரகர்கள், தலைநகரத்துப் பண்டிதர்கள்! அவர்களுக்கு விடையாகத்தான் அந்தக் கடுமொழி பிறக்கிறது. அசுத்த ஆவி பிடித்தவன் என்று அவர்கள் சொன்னதனாலேயே இப்படிக் கூறினார் என்று மாற்கு காரணமும் எழுதி வைக்கிறார்.

அற்புதத்தை நாம் நம்பவில்லை. ஆனால் கதையின் உள்ளே கிடக்கும் பொருள் நமக்குப் புரியாமலில்லை. குருடன் ஒருவன் கண் பெற்றான் என்பது பண்டிதர்களுக்குப் பொருட்டல்ல. கண் கொடுத்தவன் தம் கூட்டத்தானா, வேறு கூட்டத்தானா என்பதே அவர்களுக்குப் பொருட்டு. வேறு கூட்டத்தான் என்றால், கண்ணெதிரே நிற்கும் நன்மைக்கும் கருப்புச் சாயம் பூச அவர்கள் கூசவில்லை. இதைக் கண்டு ஒருவர் சீறினால், அந்தச் சீற்றத்தில் நியாயமில்லை என்று யார் சொல்வார்?

சீற்றத்தில் பிறந்த சொல் சட்டமாக மாறியபோதுதான் கேடு தொடங்கிற்று. லூக்காவின் நூலிலேயே அந்த மாற்றம் தெரிகிறது. பெயல்செபூல் வழக்கு 11-ஆம் அதிகாரத்தில் முடிந்துவிடுகிறது. மன்னிப்பில்லை என்னும் வாக்கோ 12-ஆம் அதிகாரத்தில், வேறு அறிவுரைகளுக்கு நடுவே, தனியே நிற்கிறது. குருடன் இல்லை, பண்டிதர் இல்லை, வழக்கு இல்லை. தண்டனை மட்டும் இருக்கிறது! குற்றம் இன்னதென்று கூறாமல் தண்டனையை மட்டும் முரசறைந்து அறிவித்தால், நாட்டிலே நடுங்குவோர் யார்? குற்றவாளிகளா? அல்லர். மெல்லிய மனம் படைத்தவர்கள்தாம் நடுங்குவர்.

அறிஞர்கள் வந்தார்கள், விளக்கம் சொன்னார்கள். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர் ஆயர் அகஸ்டின், வேதத்திலேயே இதைவிடக் கடினமான வினா இராது என்னும் பொருள்படப் பேசிவிட்டு, சாகும்வரை மனந்திரும்பாமையே அப்பாவம் என்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் அதை ஆறாக வகுத்தார்: அவநம்பிக்கை, மிதமிஞ்சிய துணிவு, மனந்திருந்தாமை, பிடிவாதம், அறிந்த உண்மையை எதிர்த்தல், பிறருடைய ஆன்ம நலங்கண்டு பொறாமை கொள்ளல். பட்டியலின் தலைப்பில் நிற்பதைக் கவனித்தீர்களா? அவநம்பிக்கை! எனக்கு மன்னிப்பே கிடையாது என்று ஒருவன் நம்பிவிட்டால், அந்த நம்பிக்கையே மன்னிக்கவொண்ணாப் பாவத்தின் முதல் வகையாகிறது. அஞ்சினால் குற்றம், குற்றமென்று தெரிந்ததும் மேலும் அச்சம். சிலந்திக்கும் தோன்றாத வலைப்பின்னல்!

அந்த வலையில் வீழ்ந்தோரில் ஒருவனைச் சொல்வோம். இத்தாலியில், பாதுவா நகரை அடுத்த சித்தாதெல்லா என்னும் ஊரில் பிரான்செஸ்கோ ஸ்பியேரா என்றொரு வழக்கறிஞன் இருந்தான். லூத்தர் கிளப்பிய சீர்திருத்தக் கருத்துகளில் அவனுக்கு ஈடுபாடு. 1548-ஆம் ஆண்டில் கத்தோலிக்க விசாரணை மன்றம் அவனை வெனிசுக்கு இழுத்தது. குடும்பம் கண்முன் நின்றது; கருத்தைக் கைவிடுவதாக எழுதிக் கொடுத்தான்; சொந்த ஊர்க் கோவிலிலும் ஊரார் முன் அதைச் சொன்னான். வீடு திரும்பியவனை அச்சம் பற்றிக்கொண்டது. அறிந்த உண்மையை மறுத்துவிட்டோம், ஆவிக்கு எதிராகப் பாவம் செய்துவிட்டோம், இனி மீட்சியில்லை! உணவை மறுத்தான். பாதுவாவுக்குக் கொண்டுபோய் மருத்துவம் பார்த்தார்கள். படித்தவர்களும் பாதிரிகளும் படுக்கையைச் சூழ்ந்து வேத வசனங்களைச் சொல்லித் தேற்றினார்கள். வசனத்துக்கு வசனம் அவன் எதிர்வசனம் சொன்னான். வழக்கறிஞன் அல்லவா? தனக்கு எதிரான வழக்கைத் தானே திறம்பட வாதாடி, தானே தோற்று, அவ்வாண்டின் இறுதியிலே மாண்டான்.

ஒரு திருச்சபை அவனை மிரட்டிப் பணிய வைத்தது. மற்றொரு திருச்சபை என்ன செய்தது? அவன் சாவைக் கதையாக்கி நாடெங்கும் பரப்பியது. ஸ்பியேராவைப் பற்றிய ஏடுகள் ஐரோப்பா முழுதும் அச்சாயின. அவற்றுள் ஒன்றுக்கு முன்னுரை எழுதியவர் ஜான் கால்வின்! இரு மதில்களுக்கு இடையிலே நசுங்கிய ஒரு மனிதனின் பிணத்தை, ஒரு மதிலின்மேல் கொடியாகக் கட்டினார்கள்.

நூறாண்டு கழித்து அக்கதை, இங்கிலாந்தில் ஓட்டைப் பாத்திரங்களை ஒக்கிட்டுப் பிழைத்த ஓர் ஏழை இளைஞன் கைக்குப் போயிற்று. அவன் பெயர் ஜான் பன்யன். கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு என்று ஓர் எண்ணம் அவன் மண்டைக்குள் இரவும் பகலும் குடைந்தது. ஒருநாள், போனால் போகட்டும் என்று உள்ளம் ஓய்ந்துவிட்டதாக அவனுக்குத் தோன்றிற்று. அவ்வளவுதான்! வாயால் சொல்லவுமில்லை, கையால் செய்யவுமில்லை. மனத்தில் ஒரு நொடி. அந்த நொடிக்காக ஆண்டுக்கணக்கில் நரக வேதனை. அதை அவனே 1666-இல் நூலாக எழுதினான். அவன் பின்னர் எழுதிய மோட்சப் பயணக் கதையை முதலாகக் கொண்டுதான் நம் கிருஷ்ணபிள்ளை 1894-இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியத்தை வெளியிட்டார். அக்கதையிலே இரும்புக் கூண்டுக்குள் நம்பிக்கையிழந்து கிடக்கும் மனிதன் ஒருவன் வருகிறான். பன்யன் அந்தக் கூண்டைக் கற்பனையில் தேட வேண்டியிருக்கவில்லை.

வேண்டாத எண்ணம் ஒன்று வந்து வந்து மோதுவதும், விரட்ட விரட்ட வலுப்பதும் ஒரு நோய் என்று இன்று மனநல மருத்துவர்கள் அறிவார்கள். மருந்தும் பயிற்சியும் தருகிறார்கள். திருச்சபையாரும் இந்நாளில் கனிவாகவே பேசுகிறார்கள்: அஞ்சுகிறவன் எவனோ அவன் அப்பாவத்தைச் செய்தவன் அல்லன், ஏனெனில் செய்தவனுக்கு அச்சமே தோன்றாது என்று தேற்றுகிறார்கள். நல்ல மொழிதான். ஆனால் முள்ளை நட்டவர் கையாலேயே களிம்பு வருகிறது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி, நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். இங்கிலாந்தில் ஓல்னி என்று ஒரு சிற்றூர். அவ்வூரில் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரு நண்பர்கள் வாழ்ந்தார்கள். ஒருவர் ஊர்ப் பாதிரியார், ஜான் நியூட்டன். மற்றவர் கவிஞர், வில்லியம் கூப்பர். இருவரும் சேர்ந்து இயற்றிய பாடல்கள் 1779-இல் ‘ஓல்னிப் பாடல்கள்’ என்று வெளிவந்தன. இன்றும் உலகெங்கும் தேவாலயங்களில் ஒலிக்கும் ‘வியத்தகு கிருபை’ப் பாடல் நியூட்டனுடையது, 1773-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாள் வழிபாட்டுக்கென அவர் ஆக்கியது.

யார் இந்த நியூட்டன்? அடிமைக் கப்பலின் தலைவர்! ஆப்பிரிக்கக் கரையிலே கறுப்பின மக்களை விலைக்கு வாங்கி, விலங்கு பூட்டி, கப்பலின் அடித்தட்டில் விறகுக்கட்டைகளைப்போல் அடுக்கி, அட்லாண்டிக் கடல் கடந்து மேற்கிந்தியத் தீவுகளில் விற்றுப் பணமாக்கிய தொழில் அவருடையது. 1748-இல் நடுக்கடலில் புயலில் சிக்கியபோது ஆண்டவனை அழைத்தார், பிழைத்தார், அன்றுதான் தமக்குக் கண் திறந்தது என்றார். கண் திறந்த பின் தொழிலை விட்டாரா? இல்லை! அடிமைக் கப்பல்களுக்கு அவர் தலைவரானதே அதற்குப் பிறகு, 1750-இல்தான். கலகம் செய்யச் சதி என்று ஐயுற்றபோது, சிறுவர்களின் கட்டைவிரலைத் திருகால் இறுக்கி விசாரித்ததை அவரே கப்பல் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். மேல்தட்டில் செபம், கீழ்த்தட்டில் விலங்கு. இரண்டுக்கும் இடையே இருந்தது ஒரு பலகை கனம்! 1754-இல் அவர் கடலை விட்டார். மனச்சான்று உறுத்தியன்று, உடல் நலிந்து. அத்தொழில் தவறென்ற ஐயமே அந்நாளில் தமக்கு எழவில்லை என்று பிற்காலத்தில் அவரே எழுதினார்.

நியூட்டனுக்கு நாம் அநீதி இழைக்க விரும்பவில்லை. 1788-இல், அறுபது வயதைக் கடந்தபின், அடிமை வாணிபத்தின் கொடுமைகளைத் தம் கண்ணால் கண்டபடி எழுதி அச்சிட்டார். தாம் அதில் பங்குகொண்டதற்கு வெட்கினார். பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியும் சொன்னார். 1807-இல் அவ்வாணிபம் சட்டத்தால் ஒழிந்ததைக் கண்டுவிட்டே, அவ்வாண்டின் இறுதியில் இறந்தார். அந்தச் சாட்சியம் பயன்பட்டது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒன்று. மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று அவர் மனம் குளிர்ந்தது 1748-இல் தொடங்கிய கதை. குற்றம் குற்றமென்று ஊரறிய ஒப்புக்கொண்டது 1788-இல். நடுவே நாற்பது ஆண்டுகள்!

இப்போது கூப்பரைப் பாருங்கள். ஆறு வயதில் தாயை இழந்தவர். கூச்ச சுபாவம். 1763-இல் பிரபுக்கள் சபையில் ஒரு பதவிக்காகத் தேர்வுக்கு நிற்கவேண்டும் என்ற அச்சத்திலேயே மனம் குலைந்து, தற்கொலைக்கு முயன்று, மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டவர். மன்னிப்பற்ற பாவத்தைச் செய்துவிட்டோம் என்ற எண்ணம் அப்போதே அவரைப் பிடித்தது. பிறகு தெளிந்தார், ஓல்னிக்கு வந்தார், நியூட்டனோடு நட்புக்கொண்டார். ஆனால் நியூட்டன் கிருபையைப் பாடிய அதே 1773-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கூப்பரின் மனம் மீண்டும் உடைந்தது. உன் கதை முடிந்தது, நீ தொலைந்தாய் என்னும் கருத்தில் கனவிலே ஒரு குரல் கேட்டதாம். அன்று முதல் அவர் வழிபாட்டுக்குச் செல்லவில்லை. உலகிலுள்ள அனைவருக்கும் கருணை உண்டு, தமக்கு ஒருவருக்கு மட்டும் இல்லை என்று உறுதியாக நம்பினார். நம்பிக்கொண்டே இருபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தார்.

அந்த இருபத்தேழு ஆண்டுகளில் இந்தத் ‘தள்ளுண்டவர்’ செய்தது என்ன? முயல் வளர்த்தார்! அக்கம்பக்கத்தார் கொடுத்த முயற்குட்டிகளுக்குப் பெயரிட்டு, நோயுற்றபோது மருந்திட்டு, தோட்டத்திலே கூட உலாவினார். தோட்டமும் நடையும் கணப்படுப்பும் கவிதையாயின. 1785-இல் வெளியிட்ட நெடும்பாட்டில் அடிமை முறையைக் கண்டித்தார். 1788-இல், விலங்கிடப்பட்ட ஆப்பிரிக்கன் தன் வாயாலேயே வெள்ளையரை நோக்கி நியாயம் கேட்பதாகப் பாடல் புனைந்தார். அடிமை ஒழிப்பு இயக்கத்தார் அதைத் துண்டறிக்கையாக்கிப் பரப்பினர். 1799-இல் அவர் எழுதிய கடைசிப் பாடல்களுள் ஒன்று, கப்பலிலிருந்து கடலில் வீழ்ந்து, தோழர்கள் காப்பாற்ற முடியாமல் மூழ்கிப் போகும் மாலுமியைப் பற்றியது. அடுத்த ஆண்டு இறந்தார். அந்த மாலுமியைப் போலவே.

விலங்கு பூட்டிய கை அமைதியாகத் துயின்றது. விலங்கை உடைக்கச் சொன்ன கை நடுங்கிக்கொண்டே இருந்தது. கூப்பர் நோயாளி, நோய்க்கு மதமா பொறுப்பு என்று கேட்பார்கள். நோய்க்கு மதம் பொறுப்பன்று, ஒப்புகிறோம். ஆனால் நோய் கையில் எடுத்த கத்தி எங்கே கிடந்தது? மன்னிக்கவே முடியாத குற்றம் ஒன்று உண்டு, அதை எண்ணத்தாலும் செய்துவிடலாம் என்று நூற்றாண்டுக் கணக்கில் தீட்டித் தீட்டி, வீட்டுக்கு வீடு வைத்தது யார்?

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றிருக்கிறது. நியூட்டனை மன்னித்தது யார்? ஆண்டவன் என்கிறார்கள். இருக்கட்டும். அடித்தட்டில் கிடந்தவர்களை எவரேனும் கேட்டார்களா? கட்டைவிரல் இறுக்கப்பட்ட அந்தச் சிறுவன், கரும்புத் தோட்டத்திலே முதுகு பிளந்து மாண்டானோ, வழியிலேயே கடலில் எறியப்பட்டானோ, யாருக்குத் தெரியும்? கடன் கொடுத்தவன் ஒருவன். கடன் தீர்ந்தது என்று சீட்டைக் கிழித்தவன் வேறொருவன்! நம்மூர்ப் பஞ்சாயத்தில் இப்படிப்பட்ட தீர்ப்பைச் சொன்னால் திண்ணையை விட்டு இறக்கிவிடுவார்கள். தாவீதும் இப்படித்தான் செய்தான். மாண்டவன் உரியா, ஆனால் ஆண்டவன் ஒருவருக்கே தான் குற்றவாளி என்னும் பொருளில் தாவீது கசிந்துருகுவதாக 51-ஆம் சங்கீதம் அமைந்திருக்கிறது. உரியாவின் பெயர் அந்தப் பாட்டின் அடிகளில் இல்லை.

யூதப் பெரியோர் இதில் தெளிவாக இருந்தார்கள். ஏறத்தாழ கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் அவர்களது சட்டத் தொகுப்பு, மனிதனுக்கும் கடவுளுக்கும் இடைப்பட்ட குற்றத்தைப் பாவக்கழுவாய் நாள் தீர்க்கும் என்றும், மனிதனுக்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட குற்றத்தை, தீங்கடைந்தவனைச் சென்று சமாதானப்படுத்தும்வரை அந்நாளும் தீர்க்காது என்றும் வகுத்தது. இயேசுவும் மலைப்பிரசங்கத்தில் அதையேதான் சொல்கிறார்: சகோதரனுக்கு உன்மேல் குறையிருந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்கிறார். எத்தனை ஆலயங்களில், காணிக்கை செலுத்த வந்தவனைப் பாதி வழியில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்?

சைமன் வீசெந்தால் என்னும் யூதர், இட்லரின் வதைமுகாமில் இருந்தபோது நடந்ததாக ஒரு நிகழ்ச்சியை எழுதி, 1969-இல் நூலாக வெளியிட்டார். சாகக் கிடந்த நாஜிப் படைவீரன் ஒருவனின் படுக்கைக்கு அவரை அழைத்துச் செல்கிறார்கள். யூதக் குடும்பங்களை ஒரு வீட்டில் அடைத்துத் தீயிட்டவர்களில் அவனும் ஒருவன். சாகுமுன் ஒரு யூதனிடம் மன்னிப்புப் பெறவேண்டும் என்று அவன் மன்றாடுகிறான். வீசெந்தால் ஒரு சொல்லும் பேசாமல் அறையைவிட்டு வெளியேறுகிறார். தாம் செய்தது சரியா என்று உலகத்து அறிஞர்களைக் கேட்கிறார். அவர் செய்தது சரியே என்பது நம் கருத்து. கொடுமனத்தால் அன்று. எரிந்தவர்களின் சார்பிலே மன்னிக்க அவருக்கு அவர்கள் எழுதிக் கொடுத்த அதிகாரச் சீட்டு எங்கே? மன்னிக்க முடியாத குற்றம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்: மன்னிக்கவேண்டியவனையே உலகத்தில் இல்லாமல் ஆக்கிவிடுவது. இதற்கு ஆவி தேவையில்லை, நரகம் தேவையில்லை, கணக்குத் தெரிந்தால் போதும்.

இந்தக் கணக்கோடு ஒப்பிட்டால், ஒரு சொல்லுக்காக உயிரைப் பறித்த கதை எப்படித் தோன்றுகிறது பாருங்கள். ஸ்காத்லாந்தில், எடின்பரோ பல்கலைக்கழக மாணவன் தாமஸ் ஐக்கன்ஹெட். வயது இருபது. பழைய ஏற்பாடு எஸ்றாவின் கட்டுக்கதை என்றும், மோசேயையும் இயேசுவையும் கேலியாகவும் தோழர்களிடையே பேசினான் என்பது குற்றச்சாட்டு. சாட்சிகள் உடன்படித்தவர்கள், அத்தகைய நூல்களைத் தன்னிடம் கொடுத்தவனே சாட்சிகளில் ஒருவன் என்றான் அவன். தவறென்று ஒப்பினான், வருந்தினான், வயதைக் காட்டி இரக்கம் வேண்டினான். அப்போது எடின்பரோவில் கூடியிருந்த திருச்சபைப் பேரவையோ, தெய்வ நிந்தனைக்கு எதிரான சட்டங்களைக் கடுமையாகச் செலுத்தவேண்டும் என்று வற்புறுத்தியது. 1697 சனவரித் திங்கள் 8-ஆம் நாள் தூக்கிலிட்டார்கள். மனிதகுமாரனைப் பழித்தாலும் மன்னிப்புண்டு என்று அவர்களுடைய வேதம் சொல்கிறது. வேதத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் அதைவிடக் கண்டிப்பானவர்கள்! இங்கிலாந்தில் தெய்வ நிந்தனைக் குற்றம் சட்டத்திலிருந்து நீங்கியது 2008-இல். ஸ்காத்லாந்தில் அதை நீக்கிய 2021-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024-இல்.

குருடன் கண் பெற்றதைக் கண்டும் இரங்காத பண்டிதர்களைத்தான் அந்தக் கடுமொழி சுட்டிற்று. அழுது நின்ற இருபது வயது மாணவனைக் கண்டும் இரங்காத போதகர்களை அது சுடாதா? சுட வேண்டியவர்களை விட்டு, பன்யனையும் கூப்பரையும் சுட்டதே அந்தச் சொல்லின் வரலாறு.

1927-இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், தாம் ஏன் கிறித்தவர் அல்லர் என்று இலண்டனில் ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவில், இந்த மன்னிப்பில்லாப் பாவத்தை எடுத்துக்காட்டி, உலகில் இது விளைத்த துன்பத்துக்கு அளவில்லை என்றார். மெத்தச் சரி. ஆனால் ரஸ்ஸல் துன்பப்பட்டோரை மட்டும் பார்த்தார். கதையின் தொடக்கத்தில் நிற்கும் பண்டிதர்களைப் பார்க்காமல் கடந்துவிட்டார் என்று நமக்கு ஒரு குறை உண்டு. 2006-இல் அமெரிக்க நாத்திகர் சிலர், பரிசுத்த ஆவியை மறுக்கிறேன் என்று சொல்லிப் படம்பிடித்து யூடியூப் தளத்தில் வெளியிடுமாறு இளைஞர்களை அழைத்தார்கள், பலர் செய்தார்கள். நரக பயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அது தன் கைவிலங்கைத் தானே கழற்றும் செயல். அந்தப் பயத்தையே அறியாத நம்மவர் செய்தால் வெறும் விளையாட்டு. இல்லாத ஆவியை ஏசுவதில் நமக்கு ஆபத்தும் இல்லை, வீரமும் இல்லை.

நமக்குரிய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அக்குவினாசின் பட்டியலில் ஐந்தாவதாக வருமே, அறிந்த உண்மையை எதிர்த்தல், அங்கே இருக்கிறது. 1940-களின் பிற்பகுதியில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலே, பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயால் மடங்கிப் போன கைகளை எடுத்துக்கொண்டார். நல்ல தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தி, விரல்களை நிமிர்த்தி, மீண்டும் இயங்கச் செய்தார். தொழுநோயாளியைத் தொடவே உலகம் அஞ்சிய காலம் அது. அவர் கிறித்தவர், சமயத் தொண்டு என்று கருதியே அதைச் செய்தார். இதைக் கேட்டதும் நம் மேடைத் தோழர் ஒருவர், எல்லாம் மதம் மாற்ற விரித்த வலை என்று ஒரே வீச்சில் சொல்லிக் கைதட்டலும் வாங்கக்கூடும்.

அவரிடம் நாம் கேட்பது இது: எருசலேமிலிருந்து வந்திறங்கிய பண்டிதர்கள் பேசிய பேச்சுக்கும் உம் பேச்சுக்கும் எத்தனை விரற்கடை தூரம்? பிராண்டின் கடவுளை மறுப்பதற்கு நமக்கு முழு உரிமை உண்டு, மறுக்கிறோம். மதமாற்றத்தைப் பற்றி வழக்கிருந்தால் சான்றோடு வாரும், வழக்காடுவோம். ஆனால் வேலூர் அறுவைக் கூடத்திலிருந்து வெளியே வந்தவன் பல ஆண்டுகளுக்குப் பிறகு தன் கையாலேயே சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தானே, அதை எந்தப் பெயல்செபூலின் கணக்கில் எழுதப் போகிறீர்?